ஊர்ல நீச்சல் குளம், பக்கத்துல பார் கவுன்ட்டர், கல் திண்ணை: லோன் எடுக்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

போன மாசம் நம்ம சேனலுக்கு ஒரு மெயில் வந்துச்சு. சென்னையில ஐ.டி. வேலை, வயசு 28, சொந்த ஊர் மண்டகப்பட்டு. செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவுல இருக்கிற ஊர். மெயில் சுருக்கமா இதுதான்: "ப்ரோ, ஊர்ல வீட்டுக்குப் பின்னாடி 12 சென்ட் சும்மா கிடக்கு. சின்னதா ஒரு ஸ்விம்மிங் பூல், ஓரத்துல பார் கவுன்ட்டர், சுத்தி உட்கார சிமென்ட்லயே சீட்டிங். மொத்தம் 8 லட்சம் கொட்டேஷன். பர்சனல் லோன் அப்ரூவ் ஆயிடுச்சு. சீட்டிங் எப்படி பிளான் பண்றதுன்னு மட்டும் சொல்லுங்க."

கேள்வி சீட்டிங் பத்தி. ஆனா லோன் அப்ரூவ் ஆயிடுச்சுன்னு படிச்சதும் நான் கால்குலேட்டரைத்தான் எடுத்தேன். அதுக்காக "ஆசைப்படாதீங்க"ன்னு சொல்லப் போறது இல்லை. சம்பாதிக்கிறதே ஆசைப்பட்டதுக்குத்தான். ஆனா சோஃபா, டேபிள் மாதிரி இல்ல இது. தரையோட சேர்த்துக் கட்டின சீட்டை ஓ.எல்.எக்ஸ்ல விக்க முடியாது. வேற வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது. அதனால பணக் கணக்கு, அளவுக் கணக்கு ரெண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

முதல்ல பணம்

அவர் அனுப்பின கொட்டேஷன் இது. குளமும் ஃபில்ட்டரும் 5,60,000 ரூபாய். சுத்தி தளம் போட 80,000. கவுன்ட்டரும் சீட்டிங்கும் 1,10,000. மேல நிழல் கூரை 50,000. ஆக மொத்தம் 8,00,000.

வட்டி 12 சதவீதம், 5 வருஷம்னா மாச இ.எம்.ஐ. சுமார் 17,800 ரூபாய். 60 மாசம் கட்டி முடிக்கும்போது 10,68,000 ரூபாய் கிட்ட போயிருக்கும். அதாவது 2,68,000 ரூபாய் வட்டிக்கு மட்டும். சீட்டிங், கவுன்ட்டர், தளம் மூணுக்கும் சேர்த்து ஆகுற செலவை விட வட்டி அதிகம்.

அவருக்குக் கைக்கு வர்ற சம்பளம் 62,000. ரூம் வாடகைப் பங்கு 9,000, வீட்டுக்கு அனுப்புறது 12,000, பைக் இ.எம்.ஐ. 4,200. இதோட இந்த 17,800-ஐயும் கழிச்சா மிச்சம் 19,000. குளத்துக்கு கரன்ட், குளோரின், ஆள் கூலின்னு மாசம் 4,500 வெச்சுக்கோங்க. இப்ப 14,500. இதுலதான் சாப்பாடு, பெட்ரோல், போன், எஸ்.ஐ.பி., தங்கச்சி காலேஜ் ஃபீஸ் எல்லாம். அவசரத்துக்குன்னு பேங்க்ல இருக்கிறது 70,000 ரூபாய்.

அவர் ஊருக்குப் போறது மாசம் ரெண்டு வீக்கெண்ட். நாலு நாள். இ.எம்.ஐ.யும் பராமரிப்பும் சேர்த்து 22,300 ரூபாயை நாலால வகுத்துப் பாருங்க. ஒரு நாள் குளத்துல இறங்க 5,575 ரூபாய். அந்தக் காசுக்குப் பக்கத்துல இருக்கிற பாண்டிச்சேரியில குளம் இருக்கிற ரூமே போட்டுடலாம், குளோரின் கவலையும் இல்லாம.

"வாடகைக்கு விட்டு இ.எம்.ஐ. கட்டிடுவேன் ப்ரோ. செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தாச்சு, கூட்டம் வரும்"னு அடுத்த மெயில்ல சொன்னார். உண்மைதான். 2025 ஜூலையில மராட்டிய ராணுவக் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க. மகாராஷ்டிராவுக்கு வெளிய அதுல இருக்கிற ஒரே கோட்டை நம்ம செஞ்சிதான். ஆனா கணக்கு போடுங்க. சுத்தம் பண்ற செலவு எல்லாம் போக ஒரு ராத்திரிக்கு 3,000 ரூபாய் நிக்குதுன்னே வெச்சுப்போம். 22,300 வர மாசம் 8 ராத்திரி புக் ஆகணும். ஒரு மாசத்துல வீக்கெண்ட் ராத்திரியே எட்டுதான். எல்லாத்தையும் வாடகைக்கு விட்டுட்டா நீங்க எப்போ ஊருக்குப் போவீங்க? குளம் யாருக்கு?

இப்போ அதையே திருப்பிப் போடுங்க. அந்த 17,800 ரூபாயை இ.எம்.ஐ.யா கட்டாம, 6.5 சதவீத வட்டியில ஆர்.டி.யா போட்டா, வட்டிக்கான வரியைக் கணக்குல எடுக்காம, கிட்டத்தட்ட 41 மாசத்துல 8 லட்சம் சேர்ந்துடும். லோன்னா 60 மாசம், சேமிப்புன்னா 41 மாசம். 19 மாச இ.எம்.ஐ. மிச்சம். நடுவுல வேலை போனா ஆர்.டி.யை நிறுத்திக்கலாம். இ.எம்.ஐ.யை நிறுத்த முடியாது.

சட்டம்: நாலு விஷயம், நாலும் காசு

ஒண்ணு, இடம். மண்டகப்பட்டுல இருக்கிற பல்லவர் குடைவரை தொல்லியல் துறையோட பாதுகாப்புல இருக்கிற சின்னம். 2010-ல திருத்தின சட்டப்படி, இப்படிப்பட்ட சின்னத்தைச் சுத்தி 100 மீட்டருக்குப் புதுக் கட்டுமானம் கூடாது. அதுக்கு அடுத்த 200 மீட்டருக்கு முன் அனுமதி வாங்கணும். குளம் கட்டுறதும் கட்டுமானம்தான். உங்க ஊர்லயும் கோட்டை, பழைய கோயில் பக்கத்துல இடம் இருந்தா முதல்ல டேப்பை எடுங்க. ஊராட்சி அனுமதி தனி.

ரெண்டு, "பார்"ங்கிற வார்த்தை. தமிழ்நாட்டுல 2003-லேர்ந்து மதுவை சில்லறையா விக்கிறது டாஸ்மாக் மட்டும்தான். லைசென்ஸ் இல்லாம காசு வாங்கிட்டு சரக்கு ஊத்துறது குற்றம். வாடகைக்கு விடுற இடத்துல "பார் வசதி உண்டு"ன்னு போட்டா வம்பு தேடி வரும். தண்ணி போட்டுட்டு தண்ணியில இறங்குறது எவ்வளவு ஆபத்துன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. நன்னாரி சர்பத், இளநீர், லெமன் சோடா, சுக்குக் காபி கொடுக்கிற கவுன்ட்டரா வெச்சுக்கோங்க. இன்னொண்ணு, குளத்தோரம் கண்ணாடி டம்ளரே வேண்டாம். உடைஞ்சு தண்ணியில விழுந்தா கண்ணுக்குத் தெரியாது, மொத்தக் குளத்தையும் இறைக்கணும். எவர்சில்வர் டம்ளர் போதும்.

மூணு, கரன்ட். விவசாய இலவச மின்சாரத்துல குளத்து மோட்டாரை ஓட்டக் கூடாது. வீட்டு இணைப்புலதான் ஓட்டணும். 1 எச்.பி. மோட்டார் தினம் 6 மணி நேரம் ஓடினா சுமார் நாலரை யூனிட். ரெண்டு மாசத்துக்கு 270 யூனிட். வீட்டுக்குக் கிடைக்கிற 100 யூனிட் இலவசத்தை மோட்டாரே முழுங்கிடும். வீட்டு உபயோகமும் சேரும்போது மேல் ஸ்லாபுக்குப் போயிடுவீங்க. கவுன்ட்டர்ல ஃபிரிட்ஜ் வெச்சா அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். இதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

நாலு, தண்ணி. 20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழம்னா 800 கன அடி, அதாவது சுமார் 22,650 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில ரெண்டு லோடு. வெயில்ல ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணி காத்துல போனாலே 90 லிட்டருக்கு மேல குறையும். மே மாசம் பக்கத்து வீட்டு போர் வத்திக் கிடக்கும்போது நீங்க குளத்தை நிரப்பிட்டு இருந்தா, ஊர்ல என்ன பேசுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

இப்போ சீட்டிங்குக்கு வருவோம்

தரையோட சேர்த்துக் கட்டின இருக்கை நமக்குப் புதுசு இல்ல. திண்ணைன்னு பேர். வெளிநாட்டு வீடியோவுல "பில்ட்-இன் சீட்டிங்"னு சொல்றதைத்தான் நம்ம தாத்தா வீட்டு வாசல்லயே கட்டி வெச்சிருந்தார். திருவனந்தபுரம் தம்பானூர்ல லாரி பேக்கர் வடிவமைச்ச இந்தியன் காபி ஹவுஸுக்குப் போயிருக்கீங்களா? சுத்திச் சுத்தி ஏறுற சுழல் பாதை, அது ஓரமாவே மேசையும் பெஞ்சும் கட்டிடத்தோட சேர்த்துக் கட்டியிருக்கும். நாற்காலி உடைஞ்சுது, கால் ஆடுதுங்கிற செலவே இல்ல. ஆனா அங்க உட்கார்ந்தா ஒண்ணு புரியும். இருக்கையை உங்க உடம்புக்கு ஏத்த மாதிரி இழுக்க முடியாது. நீங்கதான் இருக்கைக்கு ஏத்த மாதிரி உட்காரணும். அதனாலதான் அளவு முக்கியம்.

உட்காரும் உயரம் 18 அங்குலம். அகலம் 18-லேர்ந்து 20 அங்குலம். ஒரு ஆளுக்கு 24 அங்குல நீளம். ஆறு பேருக்கு 12 அடி. எல் வடிவத்துல கட்டினா மூலையைக் கணக்குல சேர்க்காதீங்க. அங்க ரெண்டு பேர் உட்கார்ந்தா முட்டி இடிக்கும், ஒருத்தர்தான் உட்கார முடியும். 8 அடியும் 6 அடியும் சேர்ந்த எல் பார்க்க 14 அடி மாதிரி தெரியும். உண்மையில கால் தொங்கப் போட்டு உட்காரக் கிடைக்கிறது 11 அடிதான். மூலைக்கும் சேர்த்து கல் வாங்கின காசு போனது போனதுதான்.

திண்ணைக்கும் குளத்துக்கும் நடுவுல 4 அடி நடைபாதை விடுங்க. ஈரக் காலோட ஒருத்தர் நடக்கும்போது உட்கார்ந்தவர் காலை மடக்க வேண்டி வரக் கூடாது. இருக்கையை மட்டமா கட்டாதீங்க. அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுத்தாத்தான் மழைத் தண்ணி நிக்காது. முன் விளிம்பை உருட்டி விடச் சொல்லுங்க, இல்லைன்னா தொடை வலிக்கும்.

எந்தத் திசை பார்த்து உட்காருறோம்? சாயங்கால வெயில் முதுகுல அடிக்கட்டும், கண்ணுல வேண்டாம். அதைவிட முக்கியம், உட்கார்ந்த இடத்துலேர்ந்து குளம் முழுசும் தெரியணும். குழந்தைங்க தண்ணியில இருக்கும்போது பெரியவங்க திரும்பிப் பார்த்து உட்கார்ந்திருக்கிற மாதிரி திண்ணை அமைஞ்சா அது வடிவமைப்புத் தப்பு. குளத்தைச் சுத்தி வேலி போட்டா, வேலியை ஒட்டித் திண்ணை கட்டாதீங்க. மூணு வயசுக் குழந்தைக்கு அது ஏணி.

கவுன்ட்டர் உயரம் 42 அங்குலம் வெச்சா ஸ்டூல் 30 அங்குலம் இருக்கணும். ஸ்டூலையும் கான்கிரீட்ல போட்டுடலாம்னு சிலர் சொல்வாங்க. வேண்டாம். 30 அங்குல உயரத்துல ஏறி உட்கார உங்க அப்பாவால முடியுமா? ஆடாத ஸ்டூலுக்கும் கவுன்ட்டருக்கும் நடுவுல ரெண்டு அங்குலம் தப்பினாலும் கடைசி வரைக்கும் அந்தத் தப்போடயே உட்காரணும். உயர ஸ்டூல் ரெண்டு மூணு தனியா வாங்கிக்கோங்க, கட்டுறது தாழ்ந்த திண்ணையா மட்டும் இருக்கட்டும். எது நகரணுமோ அதைக் கட்டாதீங்க, எது எப்பவும் அங்கேயே இருக்கணுமோ அதுக்கு மட்டும் சிமென்ட் போடுங்க.

மகேந்திரவர்மன் கல்வெட்டும் உங்க மெயின்டனன்ஸ் பில்லும்

மண்டகப்பட்டுக் குடைவரையில முதலாம் மகேந்திரவர்மன் வெட்டி வெச்ச கல்வெட்டு ஒண்ணு இருக்கு. செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுதை இல்லாம பிரம்மா, ஈஸ்வரன், விஷ்ணு மூணு பேருக்கும் கோயில் எடுத்தேன்னு சொல்லுது. சுமார் 1,400 வருஷம் ஆச்சு. கோயில் அங்கேயே இருக்கு.

அவர் ஒதுக்கின அந்த நாலு பொருளையும் குளத்தோரத்துல வெச்சுப் பாருங்க. செங்கல் ஈரத்தை உறிஞ்சி உப்புப் பூத்து, மேல் பூச்சு உரியும். மரம் நனைஞ்சு காய்ஞ்சு வெடிக்கும், கரையான் தனி. இரும்பு குளோரின் பட்டுத் துரு பிடிக்கும். எவர்சில்வர் கம்பி வாங்கினாலும் 304-ஐ விட 316 கிரேடுதான் குளோரினைத் தாங்கும். கல்லுக்கு நடுவுல பூசின சிமென்ட் கலவை விரிசல் விட்டா தண்ணி உள்ள போகும். வருஷா வருஷம் ரிப்பேர் பில் வர்றது இந்த நாலு இடத்துலேர்ந்துதான்.

அதுக்காகப் பாறையைக் குடையச் சொல்லலை. இருக்கையோட மேல் பலகைக்குக் கல் போடுங்க. கடப்பா கல் வேண்டாம். அது சுண்ணாம்புக் கல், குளத்துக்கு ஊத்துற ஆசிட் பட்டா அரிச்சுடும். கிரானைட் நல்லது. ஆனா கறுப்பு எடுக்காதீங்க, ஏப்ரல் மத்தியானம் தோசைக்கல்லு மாதிரி சுடும். வெளிர் சாம்பல் நிறம் எடுங்க. கால் வைக்கிற தரைக்குப் பாலிஷ் பண்ணாத சொரசொரப்பு.

அடிப்பாகத்துல மிச்சம் பிடிக்கலாம். 12 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்துக்கு முழுசா செங்கல் அடைச்சா 27 கன அடி, சுமார் 365 செங்கல். அதுக்குப் பதிலா ஒன்பது அங்குலத் தூண் அஞ்சு எழுப்பி, மேல ரெண்டு அங்குலப் பட்டியக்கல் போட்டா செங்கல் மூணுல ஒரு பங்குக்கும் குறைவு. கீழ காத்தும் ஓடும், செருப்பும் விடலாம். பாம்பு, தேள் அடையுற ஊர்னா முன்பக்கம் திறந்தே இருக்கட்டும், தினம் பெருக்குற மாதிரி.

தளம் போடுறதுக்கு முன்னாடி தண்ணிக் குழாய், கரன்ட் வயர், கழிவுத் தண்ணி மூணுக்கும் வெறும் பி.வி.சி. குழாயைப் புதைச்சு வெச்சுடுங்க. அப்போ செலவு சில நூறு ரூபாய். அப்புறம் உடைச்சுப் போட்டா ஆயிரக்கணக்குல ஆகும். எல்லாத்துக்கும் பில் வாங்கிப் பத்திரமா வைங்க. நாளைக்கு வீட்டை வித்தா, லாபத்தைக் கணக்கிடும்போது மேம்பாட்டுச் செலவைக் காட்ட அது வேணும்.

கோலமாவு டெஸ்ட்

காசு போடுறதுக்கு முன்னாடி இதைச் செய்ங்க. செலவு பத்து ரூபாய். குளம், திண்ணை, கவுன்ட்டர் எல்லாத்தையும் தரையில கோலமாவால நிஜ அளவுல வரையுங்க. திண்ணை வர்ற இடத்துல பிளாஸ்டிக் சேர் போட்டு மூணு வீக்கெண்ட் அங்கேயே உட்காருங்க. காலையில, உச்சி வெயில்ல, ராத்திரி. கொசு எங்கேர்ந்து வருது, பக்கத்து வீட்டு ஜன்னல் தெரியுதா, வேப்பிலை எங்க கொட்டுது, அம்மா துணி காயப் போடுற கொடி எங்க போகும்? குளம் பின்னாடிதான் வெட்டப் போறீங்கன்னா ஜே.சி.பி. உள்ள வர 10 அடி வழி விட்டிருக்கீங்களா? திண்ணையை முதல்ல வழியில கட்டிட்டா, அப்புறம் அதை இடிச்சுத்தான் குளம் வெட்டணும்.

நம்ம மண்டகப்பட்டு நண்பர் இதைச் செஞ்சார். மூணாவது வாரம் மெயில் வந்துச்சு. அவர் வரைஞ்ச குளத்துக்குள்ள யாரும் போய் நிக்கலையாம். ஆனா சேர் போட்ட இடத்துல தினமும் சாயங்காலம் அப்பா வந்து உட்கார ஆரம்பிச்சுட்டாராம். முட்டி வலியால ஒரு வருஷமா வீட்டை விட்டு வெளியவே வராதவர். அம்மா காபியை அங்கேயே கொண்டு வந்து கொடுக்கிறாங்களாம். "எனக்கு வேண்டியிருந்தது குளமா, எல்லாரும் சேர்ந்து உட்கார ஒரு இடமான்னு இப்போ குழப்பமா இருக்கு ப்ரோ"ன்னு எழுதியிருந்தார்.

கடைசியில அவர் முடிவு இது. பர்சனல் லோன் வேண்டாம்னு பேங்குக்குச் சொல்லிட்டார். முதல் கட்டமா திண்ணையும் அதுக்கு மேல கூரையும் மட்டும். 12 அடி, தூண் வெச்சு, முதுகு சாய, அப்பா கையை ஊணி எழுந்திரிக்க ரெண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர். கொத்தனார் சொன்ன விலை கூரையோட சேர்த்து 88,000. போனஸ் வரும்போது கட்டுறார், இருக்கிற 70,000-ல கை வைக்காம. ரெண்டாவது கட்டம், பம்ப்செட் தொட்டியைக் கொஞ்சம் பெரிசாக்குறது. குளிச்ச தண்ணி தென்னைக்குப் போயிடும், குளோரினும் இல்ல, ஃபில்ட்டரும் இல்ல. குளத்துக்கு 10 அடி வழியும், புதைச்ச குழாயும் ரெடியா இருக்கு. அவசர நிதி ஆறு மாசச் செலவுக்குச் சேர்ந்த அப்புறம் அதுக்குன்னு ஆர்.டி. ஆரம்பிக்கிறார். 41 மாசம் கழிச்சும் ஆசை அப்படியே இருந்தா வெட்டிக்கலாம். பணம் கையில இருக்கும், கேட்க யாரும் இல்ல.

உங்க வீட்லயும் இப்படி ஒரு பிளான் ஓடிட்டு இருக்கா? லோன் பேப்பர்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. மாசத்துக்கு எத்தனை நாள் இதை அனுபவிப்பேன்? அந்த நாளால வகுத்தா ஒரு நாளைக்கு எவ்வளவு? ரெண்டு மாசம் சம்பளம் வராட்டி இது என்னைத் தாங்குமா, நான் இதைத் தாங்கணுமா?

உங்க பதிலையும் கணக்கையும் கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவுல, வீட்டுப் பராமரிப்பு லோனுக்கும் பர்சனல் லோனுக்கும் என்ன வித்தியாசம்னு பார்க்கலாம். அதுவரைக்கும், ஊருக்குப் போனா ஒரு சேரைப் பின்பக்கம் போட்டு உட்கார்ந்து பாருங்க.